திரையின் வலது ஓரம்

கதை எழுதும் தகுதி எனக்கு உண்டு என்று எண்ணி இதைத் தொடங்கவில்லை. பிறர் எழுதியவற்றைத் திருத்துவதே பதினாறு ஆண்டுகளாக என் பணி. திருத்துபவர் எழுத முற்படுவது, பந்தியில் அமர்ந்து உப்புக் குறை சொன்னவர் எழுந்து அடுப்பங்கரைக்குள் நுழைவதைப் போன்ற அத்துமீறல் என்பது எண்ணத்தக்கது. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். இதைச் சொல்வதற்கு என்னைவிடப் பொருத்தமான ஒருவர் இருந்தார். அவர் இப்போது எதையும் எழுதுவதில்லை என்று கேள்விப்பட்டேன். அந்த ஒரு காரணத்தால் மட்டுமே துணிகிறேன்.

என் பெயர் ஞானசௌந்தரி. ஒரு மகளிர் கல்லூரியில் தமிழ்த் துறை உதவிப் பேராசிரியர். கல்லூரி கரிசல் நிலத்தில், ஒரு சிறு நகரின் புறவழிச்சாலை ஓரத்தில் இருக்கிறது. அதன் பெயரை எழுதாமல் விடுவதற்கும் மன்னிப்புக் கோருகிறேன்.

எங்கள் கல்லூரியில் முதலாண்டு மாணவியர் எந்தத் துறையில் சேர்ந்தாலும் ‘கட்டுரைப் பயிற்சி’ என்னும் தாளில் தேர்ச்சி பெற்றாக வேண்டும். அந்தத் தாளை ‘இணையேடு’ என்ற மென்பொருளில் நடத்துவது என்று சென்ற ஆண்டு முடிவாயிற்று. ஆறு மாணவியருக்கு ஒரு பக்கம். ஆறு பேரும் அவரவர் வீட்டிலிருந்து, அவரவர் கைப்பேசியில், ஒரே பக்கத்தில் ஒரே நேரத்தில் எழுதுவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். யார் எந்தச் சொல்லை எப்போது எழுதினார், எத்தனை நொடி தயங்கினார், எதை அழித்தார் என்பதெல்லாம் பதிவாகும். அவற்றையெல்லாம் கூட்டி ஒவ்வொருவருக்கும் இணையேடு ஓர் ‘எழுத்துரேகை’ வரையும். அது கைரேகையைப் போன்றது, ஒருவருக்காக இன்னொருவர் எழுதினால் காட்டிக்கொடுத்துவிடும் என்று எங்களுக்கு விளக்கினார்கள்.

துறைத்தலைவர் முனைவர் சங்கரபாண்டியன் அவர்களுக்கு இந்த ஒரு வசதியே போதுமானதாக இருந்தது. நல்ல கையெழுத்துள்ள ஒருவர் விடுதி அறை முழுவதற்கும் ரெக்கார்டு நோட்டு எழுதிக் கொடுப்பது எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் நெடுங்கால வழக்கம். ஒரே கையெழுத்தில் ஒன்பது நோட்டுகளைத் திருத்தி மனம் வெறுத்தவர் அவர். இனி அந்தக் கதை நடக்காது என்று கூட்டத்தில் மேசையைத் தட்டிச் சொன்னார். நானும் கைதட்டினேன்.

என் வழக்கம் ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ‘தவறு’ என்ற சொல்லை ஒரு மாணவியின் தாளில் எழுத எனக்குக் கை வராது. மாணவியரை எழுத்தில் ஒருமையில் குறிப்பிடவும் வராது. அவர்களுடைய வாக்கியத்துக்குக் கீழே என் வாக்கியம் ஒன்றை எழுதி, ‘இப்படியும் இருக்கலாம், தங்கள் விருப்பம்’ என்று குறிப்பேன். இணையேட்டில் அப்படிக் குறித்தால் என் வாக்கியம் சாம்பல் நிறத்தில் தெரியும். கைப்பேசித் திரையின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு பட்டி உண்டு. ‘ஏற்கிறேன்’, ‘மறுக்கிறேன்’ என்னும் இரண்டு பொத்தான்கள் அதில் இருக்கும். எழுதியதை அழிக்கும் விசையும் அதே பட்டியில்தான். வாக்கியத்துக்கு உரியவர் மட்டுமே ஏற்கவோ மறுக்கவோ முடியும். ஏற்றால் பழைய வாக்கியம் நீங்கி என் வாக்கியம் அவருடைய நிறத்துக்கு மாறிவிடும்.

யாரும் மறுக்கவில்லை. நான் அதை நினைத்து உள்ளூர மகிழ்ந்தேன். மூன்றாம் வாரத்திலிருந்து சாம்பல் வாக்கியங்களை இணையேடே தரத் தொடங்கியது. என் சுமை குறைந்தது. நன்றி தெரிவித்து நிறுவனத்துக்கு ஒரு மடலும் எழுதினேன்.

என் வகுப்பின் நாற்பத்திரண்டு மாணவியரில் ஒருவர் வேலுத்தாய், வேதியியல் துறை. இரண்டு பேருந்து மாறி வருபவர். தூத்துக்குடியில் ஓர் உப்புத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர வேண்டும், அதற்கு வேதியியல் பட்டம் வேண்டும், அதற்காகவே இந்தக் கட்டுரைத் தாளையும் எழுத வேண்டியிருக்கிறது என்று முதல் நாள் அறிமுகத்தில் எழுதியிருந்தார். ‘இப்படியும் இருக்கலாம்’ என்று சற்றுப் பணிவான வாக்கியம் ஒன்றைக் கீழே குறித்தேன். அவர் அதை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மறுத்திருந்தால்கூட எனக்கு வருத்தம் இருந்திராது என்று அப்போது நினைத்துக்கொண்டேன். உண்மையில் இருந்திருக்கும்.

அவருடைய குழுவில் மற்ற ஐந்து நிறங்களும் பக்கமெங்கும் ஓடிக்கொண்டிருக்கையில் வேலுத்தாயின் ஊதா நிறம் மட்டும் அரை மணி நேரம் ஓரிடத்தில் நின்று இமைக்கும். பக்கத்தின் அடியில் மாணவியர் பேசிக்கொள்ள ஒரு பெட்டி உண்டு. அதில் ஜெனிபா என்ற மாணவி, “வேலு தூங்கிட்டாளா? கர்சர் மட்டும் முழிச்சிருக்கு” என்று எழுதுவார். “எழுப்பாதீங்கடி, அடை காக்குது. பொரிஞ்சதும் வரும்” என்று இன்னொருவர் பதில் எழுதுவார். அதன் பிறகு ஊதா நிறத்தில் பதினைந்து இருபது சொற்கள் ஒரே மூச்சில் வந்து விழும். ஒரு சொல்கூட அழிக்கப்படாது. மறுபடி மௌனம்.

ஐப்பசியில் ‘பேருந்து நிறுத்தம்’ என்று ஒரு தலைப்புக் கொடுத்தேன். பெரும்பாலான பக்கங்களில் இத்தகைய வாக்கியங்கள் இருந்தன: ‘பேருந்தின் வருகையை எதிர்நோக்கி மக்கள் பொறுமையுடன் காத்திருப்பது நம் பண்பாட்டின் அடையாளம் என்பது எண்ணத்தக்கது.’ முதலாண்டுக்கு நல்ல பக்குவம் என்று மதிப்பெண் இட்டேன். வேலுத்தாய் எழுதியிருந்தது இது: ‘பஸ் வரும் வரைக்கும் நிறுத்தத்தில் எல்லோரும் ஒரு குடும்பம் போல ஒரே பக்கம் பார்த்து நிற்கிறார்கள். பஸ் வந்துவிட்டால் யாருக்கும் யாரையும் தெரியாது.’

அந்த இரண்டு வரிகளை நான்கு முறை படித்தேன். நான்காம் முறை படிக்கையில் எனக்குத் தோன்றியது பாராட்டு அன்று. இதை யார் எழுதிக் கொடுத்தார்கள் என்பதுதான்.

அன்று முதல் வேறொரு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். மற்ற மாணவியர் ஒரு பத்திக்கு நாற்பது முறையேனும் அழிக்கிறார்கள். மூன்று மாதங்களில் வேலுத்தாய் அழித்தது ஒரு முறைகூட இல்லை. அழிக்காமல் எழுதும் மனிதரை நான் அறிந்ததில்லை. வேறெங்கோ திருத்தி முடித்ததை யாரோ சொல்ல, இவர் தட்டச்சு செய்கிறார் என்று கொள்வதே பொருத்தமாக இருந்தது. நூலகத்தில் அவர் தனியாக அமர்ந்து உதடுகளை அசைப்பதைக் கண்டேன். காதில் ஏதேனும் கருவி இருக்கிறதா என்று பின்புறமாகச் சென்று பார்த்தேன். இல்லை. கொலுசு வாங்கக் கூட்டம் நிற்கும் கடைவீதி நிறுத்தத்திலும் அப்படியே உதடுகளை அசைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கைப்பேசியைக் கவிழ்த்து உள்ளங்கையால் மூடிக்கொண்டார். எதையோ மறைக்கிறார் என்பது உறுதியாயிற்று. அதில் மட்டும் நான் பிழை செய்யவில்லை.

இதற்கிடையில் வேலுத்தாயைப் பற்றி இணையேட்டின் அறிக்கைகள் வந்தன. ‘வெளியாள் ஐயம்: தொண்ணூற்று மூன்று விழுக்காடு.’ இத்தகைய அறிக்கை மூன்று முறை வந்தால் விசாரணை. ஐயம் மெய்ப்பட்டால் அந்த ஆண்டுக்குப் பெயர் நீக்கம் என்பது விதி. மூன்றாம் அறிக்கை வந்த மறுநாள் வேலுத்தாயை ஆசிரியர் அறைக்கு அழைத்தேன். மற்றவர்கள் உணவுக்குச் சென்றிருந்தார்கள்.

“இத யாரும்மா எழுதிக் குடுக்கிறது?”

“நான்தான் மிஸ் எழுதுதேன்.”

“ஒரு எழுத்துகூட அழிக்காமயா?”

அவர் தரையைப் பார்த்தார். “மனசுக்குள்ளயே எழுதி முடிச்சிட்டுதான் மிஸ் போனத் தொடுவேன்.”

“எதுக்கு அப்படி?”

“பழகிருச்சு மிஸ்.”

கைப்பேசியைக் காட்டும்படி கேட்டேன். சார்ஜ் இல்லை, அணைந்துவிட்டது என்றார். அவர் சொல்லி முடிக்கும் முன்பே தோளில் தொங்கிய பைக்குள் கைப்பேசி ஒலித்தது. வெகு நேரம் ஒலித்தது போலிருந்தது.

விசாரணை துறைத்தலைவர் அறையில் நடந்தது. முதல்வரின் சார்பில் ஒருவர், விடுதிக் காப்பாளர், நான், நிறுவனத்தின் சார்பில் ஆல்வின் என்ற இளைஞர். ஆல்வின் சென்னைக்காரர், எல்லோரிடமும் சிரித்த முகத்துடன் பேசுபவர். இணையேடு திறந்த கணிப்பொறி ஒன்று மேசையில் இருந்தது.

“இந்தா பாரும்மா, சத்தம் வேண்டாம், அழுகை வேண்டாம்” என்றார் சங்கரபாண்டியன். “உக்காரு. எழுது. வீட்ல எழுதுறது நீதான்னா இங்கயும் அதே மாதிரிதானே வரும்?”

நியாயமான யோசனை என்றே எல்லோருக்கும் பட்டது. தலைப்பு ‘மழை’. நேரம் ஒரு மணி. திரையைக் கவனிக்கும் பொறுப்பு எனக்கு. ஆகவே நான் வேலுத்தாயின் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன்.

இருபது நிமிடம் அவர் ஒன்றும் எழுதவில்லை. துறைத்தலைவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு விசைகள் ஒலித்தன: ‘எங்கள் ஊரில் மழை பெய்தால் முதலில் எல்லோரும் வாசலுக்கு வருவார்கள், பிறகு தண்ணீர் பிடிக்க ஏனம் தேடி உள்ளே ஓடுவார்கள்.’ முற்றுப்புள்ளி விழுந்த மறுகணம் அதன் கீழே சாம்பல் வாக்கியம் தோன்றியது: ‘மழையின் வருகை மக்கள் உள்ளங்களில் மகிழ்ச்சியை விளைவிக்கிறது என்பது எண்ணத்தக்கது.’

சுட்டெலியின் அம்பு வலது ஓரம்வரை சென்று நின்றது. வேலுத்தாய் திரும்பி என்னைப் பார்த்தார்.

“ஏத்துக்கவா மிஸ்?”

உன் வாக்கியமே நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லியிருக்கலாம். நான்கு சொற்கள். ஆனால் விசாரணை நடக்கும் இடத்தில் மாணவிக்கு வழிகாட்டுவது முறையன்று என்று எனக்குத் தோன்றியது. தலைவர் வேறு பார்த்துக்கொண்டிருந்தார்.

“உன் விருப்பம்மா” என்றேன்.

அவர் ‘ஏற்கிறேன்’ என்பதை அழுத்தினார். அடுத்த வாக்கியத்துக்கு என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பன்னிரண்டு வாக்கியங்கள் எழுதினார்; பன்னிரண்டு சாம்பல் வாக்கியங்கள் வந்தன; பன்னிரண்டையும் ஏற்றுக்கொண்டார். ஆசிரியர் முதுகுக்குப் பின்னால் நிற்கையில் வேறு என்ன செய்வார்.

ஆல்வின் முடிவை வாசித்தார். இங்கே எழுதியது வகுப்பின் ரேகையோடு தொண்ணூற்றாறு விழுக்காடு பொருந்துகிறது. வீட்டிலிருந்து எழுதியவை நான்கு விழுக்காடு.

“பாத்தீங்களா மேடம்” என்றார் சங்கரபாண்டியன், குரலை உயர்த்தாமல். “இங்க எழுதினது ஒரு கை. வீட்ல எழுதினது வேற கை.”

வேலுத்தாய் அழவில்லை, வாதாடவும் இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அப்போ கெமிஸ்ட்ரியும் போயிருமா மிஸ்?” நான் தலைவரைப் பார்த்தேன். தலைவர் எல்லாமே போகும் என்றார். எனக்கு முன்பே மூவர் கையெழுத்திட்டிருந்தார்கள். நான்காவதாக நானும் இட்டேன்.

எட்டு நாள் கழித்து ஜெனிபா ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றார். கையில் வேலுத்தாய் திருப்பித் தராத நூலகப் புத்தகம்.

“மிஸ், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்கல்லா?”

சொல்லும்படி கேட்டுக்கொண்டேன்.

“அவ போன்ல வலது ஓரம் செத்துப்போச்சு மிஸ். காலேஜ் சேந்த வாரமே பஸ் படியில விழுந்துருச்சு. ஒரு விரல் அகலத்துக்கு எங்க தொட்டாலும் வேலை செய்யாது. அழிக்கிறது அங்கதான இருக்கு. ஏற்கிறேன், மறுக்கிறேன் ரெண்டும் அங்கதான இருக்கு.”

ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சேரும்போது கையெழுத்து வாங்குனாங்களே மிஸ், குறையில்லாத போன் வச்சிருக்கேன், இல்லாட்டி சேர்க்கையை ரத்து பண்ணலாம்னு. வெளிய தெரிஞ்சா அனுப்பிருவாங்கன்னு பயந்தா. எங்ககிட்ட சத்தியம் வாங்கிட்டா. அழிக்க வழியில்லன்னா என்ன செய்வா, பஸ்ஸுல வரும்போதே வாய்க்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்து, சரியா வந்த பெறகுதான் எழுதுவா. ஒரு வாக்கியத்துக்கு ரெண்டு ஸ்டாப்பிங் ஆகும். நாங்க கேலி பண்ணுவோம்.”

போகத் திரும்பியவர் நின்று, இன்னொன்றும் சொன்னார். “முதல் ரெண்டு வாரம் நாங்களும் எங்களுக்குத் தோணுனதத்தான் மிஸ் எழுதுனோம். பெறகு வலது ஓரத்தத் தொட்டா வேலை முடிஞ்சிருதுன்னு பழகிட்டோம்.”

துறைத்தலைவரிடம் விரைந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, “அப்ப உறுதிமொழி பொய்னு ஆயிருச்சே மேடம்” என்றார். “முதல் குத்தம் இல்லன்னா ரெண்டாவது குத்தம். ஃபைலத் திறந்தா அந்தப் பிள்ளைக்கு இன்னும் மோசம். விட்டுருங்க.” அவர் கொடியவர் அல்லர். உண்மையாகவே அந்த மாணவியின் நன்மைக்காகச் சொன்னார் என்று இன்றும் நம்புகிறேன்.

ஆனால் என் ஐயம் ஓயவில்லை. பழகிய ஐயம் ஒருவரை விட்டு நீங்கினால் வேறொருவரைத் தேடிச் செல்கிறது. அடுத்த முறை ஆல்வின் வந்தபோது தேநீர் வரவழைத்து, நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு மன்னிப்புக் கேட்டு, என் கேள்வியைக் கேட்டேன். ஒருவரை வெளியாள் என்று இணையேடு எப்படி முடிவு செய்கிறது?

“ஒவ்வொரு வகுப்புக்கும் பொது ரேகை ஒண்ணு வரும் மேம். அதுலேர்ந்து ரொம்ப விலகினா வெளியாள்.”

“அந்தப் பொது ரேகை யாரோடது?”

“எல்லாரோடதும்தான். எல்லாரையும் சேர்த்துத்தான் போடும்.” தேநீரை வைத்துவிட்டு மடிக்கணினியில் எதையோ தேடினார். அவருடைய சிரிப்பு மெல்லக் குறைந்தது. “ஆனா மேம், யாரோட வாக்கியத்தை நிறைய பேர் ஏத்துக்கிறாங்களோ அவங்க பக்கம் அது சாயும். இந்த வகுப்புல...”

“சொல்லுங்க தம்பி.”

“இது உங்க ரேகை மேம். தொண்ணூத்தெட்டு சதம். நாப்பத்தோரு பேர் ரேகையும் உங்களோடதுதான்.”

திரையை என் பக்கம் திருப்பினார். என் குறிப்புகளிலிருந்து கற்றுக்கொண்டுதான் சாம்பல் வாக்கியங்களை அது எழுதியிருக்கிறது. நான் திருத்தாத நாட்களிலும் என்னைப் போலவே திருத்தியிருக்கிறது.

“மத்த இடத்துல பசங்க பாதிக்குப் பாதி மறுப்பாங்க மேம். சண்டை போடுவாங்க. அதுக்குத்தான் அந்தப் பொத்தானை வெச்சோம். இங்க ஒரு மறுப்புகூட இல்ல. மெஷின் அதைச் சம்மதம்னு எடுத்துக்கிச்சு.”

“டீச்சர் சொன்னத ஒரு பிள்ளை மறுக்கிறேன்னு அமுக்குமா தம்பி?”

“அது எங்களுக்கு எப்படி மேம் தெரியும்” என்றார் ஆல்வின். “நீங்கதானே சொல்லியிருக்கணும்.”

ஒரே கையெழுத்தில் இருந்த ஒன்பது நோட்டுகள் எனக்கு நினைவுக்கு வந்தன. நாற்பத்தொரு மாணவியருக்கும் எழுதிக் கொடுத்தவரை நான் கண்டுபிடித்துவிட்டேன். அவருக்கு விசாரணை எதுவும் இல்லை. அந்த ஆண்டின் சிறந்த பயிற்றுநர் என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். வகுப்பின் ஒருமைப்பாடு வியக்கத்தக்கது என்று அதில் அச்சிட்டிருந்தது.

மறுபரிசீலனை வேண்டி முதல்வருக்கு மூன்று விண்ணப்பங்கள் எழுதினேன். மூன்றும் மிகப் பணிவாக எழுதப்பட்டிருந்தன. ‘பரிசீலனையில் உள்ளது’ என்று மூன்றுக்கும் பதில் வந்தது. பங்குனியில் ஜெனிபாவிடம் விசாரித்தபோது, வேலுத்தாய் தூத்துக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறார் என்றும், அடுத்த ஆண்டு சேர்ந்து படிக்கும் எண்ணம் இல்லை என்றும் சொன்னார். புதுக் கைப்பேசி வாங்கிவிட்டாராம். வலது ஓரம் நன்றாக வேலை செய்கிறதாம். செய்திகூட எழுதுவதில்லை, கட்டைவிரல் படம் மட்டும் அனுப்புகிறார் என்று ஜெனிபா சிரிக்காமல் சொன்னார்.

இழந்தவற்றைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

வேலுத்தாய்க்கு ஓராண்டும், வேதியியலும். மற்ற நாற்பத்தொரு மாணவியர் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்தியபோது நீங்கிய அவர்களுடைய சொந்த வாக்கியங்கள், ஆல்வின் எடுத்துக் கொடுத்த பதிவின்படி, பதினோராயிரத்து நூற்று ஆறு. எண்ணிக்கை மட்டுமே பதிவாகியிருக்கிறது, வாக்கியங்கள் இல்லை. வேலுத்தாய் வீட்டிலிருந்து எழுதியவை இருநூற்று நாற்பது. பெயர் நீக்கப்பட்டவரின் நிறம் பக்கங்களிலிருந்து தானாக நீங்கிவிடும் என்பதால் அவையும் அன்றே போயின. அந்த இடங்களைச் சாம்பல் வாக்கியங்கள் நிரப்பியிருக்கின்றன. மழையைப் பற்றிய வாக்கியத்தை நான் பின்னால் நின்று பார்த்ததால் வைத்திருக்கிறேன். இருநூற்று நாற்பதில் என் நினைவில் எஞ்சியது பேருந்து நிறுத்தத்தைப் பற்றிய இரண்டு வரிகள். அவற்றை மேலே எழுதியிருக்கிறேன்.

அவற்றிலும் ஓர் ஐயம். ‘ஒரு குடும்பம் போல’ என்ற மூன்று சொற்கள் வேலுத்தாய் எழுதியவையா, நினைவிலிருந்து எடுத்து எழுதுகையில் நான் சேர்த்தவையா என்று தெரியவில்லை. அவற்றை அடித்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். அவை இல்லாமல் நன்றாக இருக்கிறது. அவர் அப்படித்தான் எழுதியிருப்பார்.

ஆகவே இருநூற்று நாற்பதும் போயின என்றே தயைகூர்ந்து கொள்ளவும்.